குழாய்த் தொழிலும் மக்கள் நலமும்

புதிதாக ஒரு வீடு கட்டி முடித்தவுடன் உற்றாரையும் நண்பரையும் அழைத்துப் புதுமனை புகுவிழா நடத்துகிறோம். வந்தவர்கள் வாயிற்கதவின் வேலைப்பாட்டைப் பாராட்டுவர். தரையின் வழவழப்பைப் புகழ்வர். சுவரின் வண்ணத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்வர். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்து செல்லும் குழாய்களைப் பற்றி வினவுவார் எவரும் இலர். ஆயினும், அவ்வீட்டில் வளரப்போகும் குழந்தைகளின் உடல்நலம் கதவையும் தரையையும் விட அக்குழாய்களையே மிகுதியும் சார்ந்திருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் இத்தொழிலைக் கற்பித்தவன் என்ற முறையில், குழாய்த் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டியவை எவை, அவற்றை அவருக்குக் கற்பிப்பது யார் பொறுப்பு என்பவற்றைப் பற்றி மாணவர்களாகிய உங்களிடம் சிறிது பேச விரும்புகிறேன்.

ஒரு கட்டடத்தில் உள்ள குழாய்கள் இரு வகையின. ஒரு வகை நல்ல நீரைக் கொண்டு வருகிறது; மற்றொரு வகை கெட்ட நீரைக் கொண்டு செல்கிறது. இவ்விரண்டும் எக்காலத்திலும், எந்த இடத்திலும் ஒன்றோடொன்று கலத்தலாகாது. கழிவுநீர் செல்லும் குழாயிலிருந்து எழும் காற்றும் வீட்டினுள் புகலாகாது. குழாய்த் தொழிலின் விதிகள் பலவாயினும் அவற்றுள் பெரும்பாலானவை இவ்வொரு கருத்தின் விரிவே எனலாம்.

இத்தொழிலாளரை நாம் ‘பிளம்பர்’ என்று அழைக்கிறோம். இச்சொல் ‘பிளம்பம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிளம்பம் என்பது ஈயம். பண்டைய உரோமாபுரியில் ஈயத் தகடுகளை வளைத்துக் குழாய்கள் செய்தனர். ஆதலின் அத்தொழில் ஈயத்தின் பெயரைப் பெற்றது. இங்கு ஈயம் என்று நான் கூறுவது காரீயத்தை. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். ஆகவே 1986ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு குடிநீருக்கான புதிய குழாய்களிலும் பற்றுவைப்பிலும் காரீயத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஆயினும் பழைய குழாய்கள் மண்ணுக்கடியிலேயே கிடந்தன. 2014ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிளின்ட் நகரம், செலவைக் குறைக்கக் கருதித் தன் குடிநீரை ஓர் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. அந்நீர் குழாயை அரிக்கும் தன்மையது; அரிப்பைத் தடுக்கும் மருந்தும் அதில் சேர்க்கப்படவில்லை. அதன் விளைவாகப் பழைய குழாய்களின் காரீயம் கரைந்து மக்கள் பருகும் நீரில் கலந்தது. குழாயின் பொருளையும் அதில் ஓடும் நீரின் இயல்பையும் சேர்த்து எண்ணாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, கழிவுநீர்க் குழாயின் பக்கம் வருவோம். கைகழுவும் தொட்டியின் அடியில் குனிந்து பார்த்தால், குழாய் நேரே கீழிறங்காமல் ஒருமுறை கீழே சென்று, மீண்டும் மேலே எழுந்து, அதன்பின் சுவருக்குள் செல்வதைக் காணலாம். இவ்வளைவை ‘டிராப்’ என்பர். குளியலறைத் தரையிலுள்ள சல்லடைத் தட்டின் கீழும் இத்தகைய அமைப்பு உண்டு. கடைகளில் அதனை ‘நஹானி டிராப்’ என்று கேட்டு வாங்குவர். 1775ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கம்மிங் என்பவர் தாம் அமைத்த கழிப்பறைக் கலத்திற்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். கலத்தின் அடியில் குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்பொழுதும் நீர் தேங்கி நிற்குமாறு செய்தது அவ்வமைப்பின் சிறப்பு. அவர் கடிகாரம் செய்யும் தொழிலில் பெயர் பெற்றவர் என்பது நினைக்கத்தக்கது.

அவ்வளைவில் நிற்கும் நீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையே உள்ள கதவு. அதனை நீர்ப்பூட்டு என்று அழைப்போம். அதன் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு அங்குலம். நீர் அதன் வழியே தடையின்றிச் செல்லும். காற்றோ திரும்பி வர இயலாது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத, எவரும் திறந்து மூட வேண்டாத இத்தகைய எளிய காவல் வேறொன்று இருப்பது அரிது.

இப்பூட்டு கெடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, நீர் வற்றுதல். பயன்படுத்தாத அறையில், வறண்ட காலத்தில், சில வாரங்களிலேயே நீர் ஆவியாகிவிடக்கூடும். இரண்டாவது, உறிஞ்சப்படுதல். உயர்ந்த மாடியிலிருந்து பெருமளவு நீர் ஒரே வீச்சில் கீழிறங்கும்போது, தன் பின்னே காற்றை இழுத்துக்கொண்டு செல்கிறது. அவ்விழுப்பு இடையிலுள்ள வளைவுகளின் நீரையும் இழுத்துவிடும். மூன்றாவது, தள்ளப்படுதல். இறங்கும் நீர் தன் முன்னே உள்ள காற்றை அழுத்த, அவ்வழுத்தம் கீழ்த்தளத்து வளைவின் நீரை அறைக்குள்ளேயே எற்றிவிடும். எங்கள் பயிற்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை இணைத்து, வளைவுகளில் சிவப்பு மையிட்ட நீரை நிரப்பி, மேலிருந்து ஒரு வாளி நீரைக் கொட்டிக் காட்டுவேன். சிவப்பு நீர் ஒரு வளைவில் மறைவதையும் மற்றொன்றில் கொப்பளிப்பதையும் கண்ட மாணவனுக்குப் பிறகு விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, மூன்றாவது குறைகளைப் போக்குவதற்காகவே மொட்டைமாடிக்கு மேல் ஒரு குழாய் நீண்டு நிற்கிறது. அது காற்றுக்குழாய். கழிவுக்குழாயினுள் காற்று குறைந்தால் வெளிக்காற்றை உள்ளே விடும். மிகுந்தால் வெளியே விடும். அதன் பயன் அறியாத சிலர், பார்வைக்கு அழகாக இல்லை என்று அதனை வெட்டிவிடுகின்றனர். வேறு சிலர் பறவை நுழையாதிருக்க அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். அதன்பின் வீட்டில் நாற்றம் வீசும்போது, நறுமணப் பொருள்களை வாங்கி வைப்பர்.

நீர்ப்பூட்டு வற்றினால் நாற்றம் மட்டுமே வரும் என்று எண்ணிவிடலாகாது. 2003ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அவ்வாண்டு சார்ஸ் என்னும் கொடிய சுவாச நோய் பரவியது. கவுலூன் பகுதியில் அமாய் தோட்டம் என்ற பெயருடைய அடுக்குமாடிக் குடியிருப்பு உள்ளது. அதில் 19 கட்டடங்கள். மார்ச்சு மாதத்தில் நோயுற்ற ஒருவர் அங்குள்ள தம் உடன்பிறந்தாரின் வீட்டிற்கு வந்து தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏப்ரல் மாத நடுவிற்குள் அக்குடியிருப்பில் 321 பேர் நோயுற்றனர். அவர்களுள் 42 பேர் பின்னர் உயிரிழந்தனர். ஒருவரையொருவர் பார்த்தும் அறியாதவர்கள், வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தவர்கள், எவ்வாறு ஒரே நேரத்தில் நோயுற்றனர் என்பது பெரும் புதிராக இருந்தது.

ஆராய்ந்தவர்களின் கண் குளியலறைத் தரையின் மீது சென்றது. அங்கு வாழ்ந்தோர் பலர் தரையை நீர்விட்டுக் கழுவுவதில்லை. ஈரத்துணியால் துடைப்பதே வழக்கம். ஆகவே தரையடி வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. கதவை மூடிக்கொண்டு காற்றுவாங்கி விசிறியைச் சுழலவிட்டபோது, அது கழிவுக்குழாயின் காற்றையே நோய்க்கிருமியுடன் அறைக்குள் இழுத்தது. அங்கிருந்து கட்டடங்களின் நடுவேயுள்ள ஒடுங்கிய வெளி வழியாக அது மற்ற வீடுகளையும் சென்று சேர்ந்தது. நோய் பரவியதற்கு வேறு காரணங்களும் கூறப்பட்டன. எனினும், வற்றிய வளைவுகள் அதற்கு வழி திறந்தன என்பதே அந்நகர சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் கண்ட முடிவு.

நல்ல நீர்க் குழாயிலும் இத்தகைய இடர் உண்டு. சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் ஒரு ரப்பர்க் குழாயின் முனை மூழ்கிக் கிடக்கிறது. மறுமுனை நீர்க்குழாயில் செருகப்பட்டுள்ளது. திடீரெனக் குடிநீர் வரத்து நிற்கிறது. கீழ்வீட்டில் ஒருவர் குழாயைத் திறக்கிறார். அப்போது வாளியின் அழுக்கு நீர் மேலேறிக் குடிநீர்க் குழாய்க்குள் சென்றுவிடும். பள்ளியில் படித்த சைபன் தத்துவமே இங்கு வேலை செய்கிறது. 1933ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, அங்குள்ள இரண்டு தங்கும் விடுதிகளின் குழாய் அமைப்பில் இருந்த குறைகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. அமீபா வயிற்றுக்கடுப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 98 பேர் மாண்டனர். நோய் உள்ளுக்குள் வளர்ந்து வெளிப்படுவதற்குள் விருந்தினர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டமையால், காரணத்தைக் கண்டறிவதும் கடினமாயிற்று.

இதனைத் தடுக்கும் முறை மிக எளியது. குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். அவ்விடைவெளி குழாய்வாயின் விட்டத்தைப் போல் இருமடங்காகவும், ஓர் அங்குலத்திற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நம் நகரங்களில் பல இடங்களில் நாள் முழுவதும் குடிநீர் வருவதில்லை. குழாய்கள் பல மணி நேரம் வெறுமையாகக் கிடக்கின்றன. தெருக்குழாயிலிருந்து நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவோரும் உளர். வெறுமையான குழாய் தன் விரிசல்களின் வழியே அருகிலுள்ள சாக்கடை நீரையும் ஈர்க்கும். ஆகவே மேற்கண்ட விதி அயல்நாட்டாரைவிட நமக்கே மிகுதியும் வேண்டப்படுவது.

குழாய்த் தொழிலில் கணிதமும் உண்டு. நூறு கழிப்பறைகள் உள்ள ஒரு கட்டடத்திற்கு எத்துணைப் பெரிய நீர்க்குழாய் வேண்டும்? நூறும் ஒரே நொடியில் இயங்கும் எனக் கொண்டால், பணம் வீணாகும். ஒன்றிரண்டே இயங்கும் எனக் கொண்டால், நெருக்கடி நேரத்தில் நீர் வராது. அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தில் பணியாற்றிய ராய் ஹண்டர் 1940ஆம் ஆண்டில் இதற்கு நிகழ்தகவுக் கணிதத்தால் விடை கண்டார். வேகமாக நீர் பாய்ச்சும் வால்வு ஒன்று, மிகுந்த நெருக்கடியான நேரத்தில், 300 நொடிக்கு ஒருமுறை 9 நொடி இயங்குவதாகக் கொண்டார். ஆகவே எந்த ஒரு நொடியிலும் அது இயங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு நூற்றில் மூன்று. நூறு வால்வுகள் இருப்பின், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரத்தில் எட்டுக்கு மேல் ஒருசேர இயங்கமாட்டா. கல்லூரி மாணவர்கள் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இதனைத் தாமே சரிபார்க்கலாம். உலகின் பல நாட்டு விதிநூல்கள் நெடுங்காலம் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டன.

ஆனால் அக்கணக்கும் என்றென்றும் நிலைப்பதன்று. இன்றைய குழாய்களும் கழிப்பறைக் கலங்களும் முன்னைவிட மிகக் குறைந்த நீரையே செலவிடுகின்றன. பழைய கணக்கின்படி பெரிய குழாய் போட்டால் அதில் நீர் நெடுநேரம் தேங்கும். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா வளரும். 1976ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர் மாநாட்டிற்கு வந்தவர்களுள் 29 பேரின் உயிரைக் கொண்டது இதுவே. அடுத்த ஆண்டில்தான் அது கண்டறியப்பட்டது. ஆகவே அமெரிக்க விதிநூலாசிரியர்கள் சிறிய குழாய்களுக்கு இடந்தரும் புதிய கணக்கு முறையை அண்மையில் வகுத்துள்ளனர். இருபதாண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தோடு ஒரு தொழிலாளர் நின்றுவிட இயலாது என்பது இதனால் புலனாகும். புதுப்பொருள்களும் இவ்வாறே. இரும்புக் குழாய்க்கு மரை வெட்டக் கற்றவர், பிளாஸ்டிக் குழாயைப் பசை கொண்டு ஒட்டும்போது, முனையைத் துடைத்துப் பசை இறுகும் வரை காத்திருக்க வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்கவேண்டும். பி.வி.சி. குழாய் கொதிநீரில் தளரும். அவ்விடத்திற்கு அதற்கென அமைந்த சி.பி.வி.சி. குழாயே தக்கது.

இவற்றையெல்லாம் ஒருவர் எங்கே கற்பது? நம் நாட்டில் பெரும்பாலோர் வேலையிடத்திலேயே கற்கின்றனர். பதினாறு, பதினேழு வயதில் ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்வர். பள்ளம் தோண்டுவர், குழாய் சுமப்பர், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பர். சில ஆண்டுகளில் கை பழகிவிடும். இவ்வகைப் பயிற்சியை நான் இகழமாட்டேன். குழாயை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை எந்த நூலாலும் சொல்லித்தர இயலாது. ஆயின், மேஸ்திரி அறியாததைக் கையாள் அறிய வழியில்லை. காற்றுக்குழாய் ஏன் என்று மேஸ்திரிக்குத் தெரியாவிடில், அவரிடம் கற்கும் பத்துப் பேருக்கும் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரும் நூறு வீடுகளில் அதே குறையைச் செய்வர்.

அமெரிக்காவில் குழாய்த் தொழிலாளரின் பெரிய சங்கம் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. அதனிடம் பயிற்சி பெறுவோர் ஐந்தாண்டு பயில்கின்றனர். ஆண்டுக்கு 1,700 முதல் 2,000 மணி நேரம் கூலி பெற்றுக்கொண்டே வேலை. அதனுடன் குறைந்தது 216 மணி நேரம் வகுப்பு. இப்பயிற்சிக்கான பணம் வரும் வகையே சிறப்பானது. ஒரு தொழிலாளர் செய்யும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் ஒரு சிறு தொகையை ஒப்பந்தக்காரர் பொது நிதிக்குச் செலுத்துகிறார். தொழிலாளர் பக்கத்தாரும் ஒப்பந்தக்காரர் பக்கத்தாரும் சமமாக அமர்ந்த குழு அந்நிதியை நடத்துகிறது.

இவ்வேற்பாட்டின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தனி ஒப்பந்தக்காரர் ஒருவர் தம் செலவில் ஓர் இளைஞனுக்குப் பயிற்சியளித்தால், பயிற்சி முடிந்த மறுநாளே அவ்விளைஞன் கூடுதல் கூலிக்காக வேறொருவரிடம் சென்றுவிடலாம். செலவு இவருக்கு, பயன் அவருக்கு. இவ்வச்சத்தால் ஒருவரும் பயிற்சியளிக்க முன்வரார். இறுதியில் தேர்ந்த தொழிலாளரே இல்லாமற்போவர். எல்லாரும் சேர்ந்து செலுத்தினால் இவ்வச்சம் நீங்கும். ஊர்க்குளத்தை ஊரே கூடித் தூர்வாருவது போன்றது இது.

நம் நாட்டிலும் இதற்கான அடிப்படைகள் இல்லாமலில்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய்த் தொழில் ஓராண்டுப் பாடமாக உள்ளது. தொழில் பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றது. அதில் குழாய்ப் பணிக்கெனத் தனிப் பகுதி உண்டு. ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாரா மாவட்டத்தினர் இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றிலும் குழாய்த் தொழிலில் சிறந்து விளங்குகின்றனர். தலைமுறை தலைமுறையாக ஒருவர் மற்றொருவரை அழைத்துச் சென்று பழக்கியதன் பயன் அது. அம்மாவட்டத்துப் பட்டமுண்டாயில் இத்தொழிலுக்கெனவே அரசு ஒரு கல்வி நிலையத்தை அமைத்துள்ளது. வழிவழி வந்த கைத்திறனோடு வகுப்பறைக் கல்வியையும் இணைக்கும் முயற்சி என்ற வகையில் அது போற்றத்தக்கது.

குறைவாக இருப்பது அக்கல்விக்கு நாம் தரும் மதிப்பேயாகும். வீடு கட்டுவோர் ஒப்பந்தக்காரரிடம் கூலி எவ்வளவு என்று கேட்கின்றனர். வேலை செய்ய வருபவர் எங்கே பயின்றார் என்று கேட்பதில்லை. கேட்காத ஒன்றிற்காக ஒப்பந்தக்காரர் ஏன் செலவு செய்யப்போகிறார்? சாக்கடையோடு தொடர்புடையது என்பதாலேயே இத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் பழைய பிழையும் நம்மிடையே முற்றும் நீங்கவில்லை. நன்கு பயிலும் இளைஞன் ஒருவன் இத்தொழிலைத் தேர்ந்தெடுத்தால் அவன் பெற்றோர் வருந்துகின்றனர். நோய் வந்தபின் தீர்க்கும் மருத்துவரை வணங்குகிறோம். வராமலே காப்பவரைப் பின்வாசல் வழியே வரச் சொல்கிறோம்.

முற்காலத்தில் ஆங்கில நாட்டில் கழிவுக்குழாய்களைச் சோதிக்க ஒரு முறை இருந்தது. ஒருவர் கூரையின் மேலேறிக் காற்றுக்குழாயின் வாயில் பெப்பர்மிண்ட் எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார். மற்றொருவர் வீட்டினுள் அறை அறையாகச் சென்று மோந்து பார்ப்பார். எங்கேனும் பெப்பர்மிண்ட் மணம் வந்தால் அங்கே கசிவு உண்டு என்று பொருள். ஊற்றியவரின் கையிலும் ஆடையிலும் மணம் ஒட்டியிருக்குமாதலால், சோதனை முடியும் வரை அவர் கீழே இறங்கலாகாது. இன்று புகையும் நீரழுத்தமும் கொண்டு சோதிக்கும் முறைகள் வந்துவிட்டன. எம்முறையாயினும், சுவரைப் பூசி மூடுமுன் சோதிக்க வேண்டும் என்பது மாறவில்லை. உங்கள் இல்லத்தில் குழாய் வேலை நடக்கும்போது, ‘சோதித்துக் காட்டுங்கள், ஐயா’ என்று நீங்கள் கேட்டால், நன்கு பயின்ற தொழிலாளர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள், சிலர் ஒப்பந்தக்காரராவீர்கள், சிலர் இத்தொழிலையே மேற்கொள்ளவும் கூடும். யாவராயினும் ஒரு வீட்டில் வாழப்போவது உறுதி. இன்று இப்பேச்சைக் கேட்டு முடித்தபின், வீட்டில் யாரும் புழங்காத குளியலறையோ, முற்றத்து மூலையோ இருப்பின், அங்குள்ள தரைச்சல்லடையின் வழியே ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை அவ்வாறு செய்து வாருங்கள். இரண்டு அங்குல நீர் அங்கே ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கும் தம்பி தங்கையருக்கும் அதன் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.